கலெக்டரின் கழுத்து இறகு

முளைத்துவிட்டது அண்ணா. அதுதான் இப்போது பிரச்சினை.

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வையுங்கள், பையில் சேவல் இருக்கிறது. கொத்தாது. கொத்தும், ஆனால் தெரிந்தவர்களைத்தான். பேர் கலெக்டர். எங்கள் எஸ்டேட் லைனில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதன் நடை அப்படி. பையை விலக்குகிறேன், கழுத்தைப் பாருங்கள். சிவப்பும் பொன்னுமாக ஒரு இடம் பாக்கியில்லாமல் முளைத்து நிற்கிறது, தெரிகிறதா? போன மாசம் இதே இடம் மொட்டை. பன்னிரண்டாம் வளைவில் முனியப்பன் கோயில் இருக்கிறதல்லவா, டிரைவர் வண்டியை நிறுத்திக் கற்பூரம் காட்டுவாரே, அங்கே நான் இறங்க வேண்டும். பூசாரி இந்தக் கழுத்தைப் பார்ப்பார். பார்த்தால் முடிந்தது. வெட்டுக்கு நாள் குறித்துவிடுவார்.

இன்னும் ஏழு வளைவு இருக்கிறது. சொல்லிவிடலாம்.

நீங்கள் வைத்திருக்கிற அந்த நீளப் பையில் தூண்டில் கம்புதானே? ட்ரவுட் மீனுக்குத்தானே போகிறீர்கள்? பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதனால்தான் அங்கே காலி சீட் இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். முள்ளில் கட்டுகிற பூச்சி, அந்த ஃப்ளை, எங்கே வாங்கினீர்கள்? கடையிலா? காட்டுங்கள். ம். இந்தப் பளபளப்புக்கெல்லாம் எங்கள் ஓடை மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. கோபப்படாதீர்கள், நான் உள்ளதைச் சொல்கிறவன்.

என் பேர் தயாளன். பிளஸ் டூ பெயில். மறுபடி எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. கேரட் கழுவுகிற இடத்தில் வேலை. இதைச் சொன்னால் எல்லோரும் ஒரு மாதிரி முகத்தை வைப்பார்கள். நீங்கள் வைக்கவில்லை. நல்லது.

குகன் என் கூட்டாளி. பக்கத்து வீடு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் வீட்டில் யாராவது இருமினால் எங்கள் வீட்டில் வெந்நீர் வைப்பார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் பாஸ். ஒரே பெஞ்சில் ஒருத்தன் பாஸ், ஒருத்தன் பெயில், எப்படி என்று கேட்டால், அவன் அம்மா முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துவிட்டார்கள், என் அம்மா விடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அவன் படித்தான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சேவல்தான் இது. உங்கள் ஊரில் இந்த வழக்கம் உண்டோ என்னவோ. ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, சேவல் காலில் மஞ்சள் நூலைக் கட்டி விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் அதை யாரும் விரட்டக்கூடாது, கல்லெறியக்கூடாது. காரியம் நடந்ததும் கோயிலில் வெட்டு. வெட்டும்போது அது முழுசாக இருக்க வேண்டும். நகம், கொண்டை, இறகு எதிலும் குறை கூடாது. குறை இருந்தால் முனி வாங்கமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

மே மாசம் ரிசல்ட் வந்தது. குகனுக்குக் கோயம்புத்தூரில் காலேஜ், திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முனிக்குச் சேவல். வியாழன், வெள்ளி இரண்டு நாள் எங்களுக்கு. ட்ரவுட் பிடிக்கப் போவோம், ஓடைக்கரையிலேயே தங்குவோம் என்று எட்டாம் வகுப்பிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். தூண்டில் கம்பு தயாராக இருந்தது. என் அப்பாவுக்கு எஸ்டேட் பங்களாவில் தோட்ட வேலை. அங்கே தங்கின யாரோ நுனி உடைந்த கம்பு ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் சைக்கிள் டியூபைக் கிழித்து நுனியைக் கட்டிவிட்டேன். ரீல் சுற்றும்போது மாவு மில் மாதிரி சத்தம் வரும். மற்றபடி நல்ல கம்பு.

அனுமதிச் சீட்டு வேண்டாம் என்று நான் சொன்னேன். ஓடையில் வந்து யார் பார்க்கப்போகிறார்கள்? குகன் கேட்கவில்லை. போய் வாங்கி வந்து, பின்பக்கம் இருந்த விதியெல்லாம் அடிக்கோடு போட்டுப் படித்தான்.

"மண்புழு போடக்கூடாதாம்டா."

"வேற எதைப் போடறது? இட்லியா?"

"இறகுல கட்டின பூச்சி மட்டும்தானாம். இதுல போட்டிருக்கிற அளவுக்குக் கீழ மீன் வந்தா திருப்பி விட்டுடணுமாம்."

போனில் ஒரு வீடியோ பார்த்தோம். வெள்ளைக்காரத் தாத்தா ஒருத்தர் தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றிப் பூச்சி கட்டுகிறார். சேவல் கழுத்து இறகுதான் சிறந்தது, சிவப்பாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். குகன் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கலெக்டர் நின்றது.

அந்த நேரம் பார்த்து அது ஏன் அங்கே வந்து நின்றது என்று கேட்கிறேன்.

அரிசியைக் காட்டிக் கூப்பிட்டேன். அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ஒன்று பிடுங்கினேன். ஒன்று போதாது. வீடியோவில் தாத்தா ஒரு கொத்தே எடுத்தார். அதனால் ஒரு கொத்து. அப்புறம் நூல். அம்மாவின் டப்பாவில் கறுப்பும் வெள்ளையும்தான் இருந்தது. தாத்தா கட்டியது மஞ்சள். மஞ்சள் நூலுக்கு நான் எங்கே போவேன்? கையில் இருந்த சேவலின் காலிலேயே இருந்தது.

அப்படிப் பார்க்காதீர்கள் அண்ணா. மீன் பிடிக்கிறவர்தானே நீங்கள்?

இறகில் கட்டின பூச்சியைக் குகனுக்குக் காட்டவில்லை. ஸ்வெட்டர் கம்பளியில் நாலு பூச்சி கட்டி அவனுக்குக் காட்டினேன். இதை மட்டும் தொப்பிக்குள்ளே குத்தி வைத்துக்கொண்டேன்.

தங்கினது குகனின் மாமா கேரட் தோட்டத்தில். ஓடை அதன் ஓரமாகத்தான் போகிறது. மூட்டை மூடுகிற தார்ப்பாயை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினோம். குகன் ஒரு லிஸ்ட் எழுதி வந்திருந்தான். எட்டு, தீப்பெட்டி. ஒன்பது, தீப்பெட்டி நனைந்தால் இன்னொரு தீப்பெட்டி. பத்து, அட்டைப்பூச்சிக்கு உப்பு. பதினொன்று, சமையலுக்குத் தனி உப்பு. நான் கொண்டுவந்தது கம்பு மட்டும். கோடைக்காலம்தானே என்று போர்வைகூட எடுக்கவில்லை. எங்கள் ஊர்க் கோடை எப்படி என்று உங்களுக்குத் தெரியுமோ? ஆறு மணிக்கே பல் அடித்துக்கொண்டது. குகன் பாதிப் போர்வையைக் கொடுத்தான். கொடுக்கும்போது, "பன்னண்டாம் நம்பர், தயாளனுக்குப் போர்வை. ரெண்டா எடுத்திருக்கணும், மறந்துட்டேன்" என்றான். அவனிடம் இதுதான் எனக்குப் பிடிக்காது. எல்லாம் முன்னாலேயே தெரிந்துவைத்திருப்பான்.

அதற்கு முன்னால், அன்று பகல் முழுக்க ஒரு மீன்கூட வரவில்லை. கம்பளிப் பூச்சியை மீன் கிட்டே வந்து பார்க்கும். பார்த்துவிட்டுப் போய்விடும்.

"உக்காருடா. உன் நிழல் தண்ணியில விழுது."

"மீனுக்கு என் நிழல் தெரியுமா?"

"நிழல் தெரியுதோ இல்லையோ, உன் வாய் கேக்குது."

சாயங்காலம் எனக்கு ஒன்று மாட்டியது. சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீன். குகன் பையைத் திறந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்தான். நம்புங்கள், பரீட்சைக்குக் கொண்டுபோன அதே பாக்ஸ். பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல். மீன் துடிக்கிறது, இவன் முதல் பதினைந்து எங்கே முடிந்தது என்று விரல் வைத்துக் குறிக்கிறான்.

"ரெண்டு சென்டிமீட்டர் கம்மி."

"வாலைச் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"வால் மடங்கியிருக்குடா! நேராக்கி அள!"

"நேராக்கிட்டேன். இப்ப ஒண்ணே முக்கால் கம்மி."

விட்டுவிட்டான். ராத்திரி அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோறு. அத்தை என்றால் குகனின் அம்மா. நல்ல புளிச்சோறு, ஆனால் பொரிக்க எண்ணெயும் மசாலாவும் பக்கத்திலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

விடிந்ததும் நான் தொப்பியிலிருந்து அதை எடுத்து மாட்டினேன். நானே போட்டிருக்கலாம். போடவில்லை. குகனை எழுப்பி, "நீ போடு" என்று கம்பைக் கொடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை போகிறவன், ஒரு மீன்கூடப் பிடிக்காமல் போனான் என்று இருக்க வேண்டாமே. நான் நல்லவன்தான் அண்ணா, பாதிப் பேருக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை போட்டபோது கம்பு அப்படியே வளைந்தது. டியூப் கட்டின இடத்தில் கிறீச்சென்றது. "விடாதே, விடாதே" என்று நான் கத்துகிறேன். "கத்தாதேடா" என்று அவன் கத்துகிறான். ரீல் மாவு அரைக்கிறது. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் கரையில் போட்டேன். முதுகெல்லாம் புள்ளி, பக்கவாட்டில் ஒரு ரோஸ் கோடு. குகன் சிரிக்கிறான், குதிக்கிறான், என் தலையில் அடிக்கிறான். பாஸ் ஆனபோதுகூட அவன் அப்படிக் குதிக்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்ததால் குதிக்காமல் இருந்தானோ என்னவோ.

அப்புறம் வாயிலிருந்து முள்ளை எடுக்கக் குனிந்தான்.

"இது என்ன நூல்?"

"நூல்தான்."

"மஞ்சளா இருக்கு."

"ஆமா."

"தயா. கலெக்டர் கால்ல இருந்ததா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சட்டென்று வராது, யோசிக்க வேண்டும். மீன் வேறு நடுவில் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஆமா. இறகும் அதோடதுதான்."

அவன் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஸ்கேலை எடுத்து மீனை அளந்தான். முப்பத்தொன்றரை. இரண்டு ஸ்கேல் போட்டும் ஒன்றரை மிச்சம் அண்ணா! அளந்துவிட்டு அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைத்தான். தண்ணீர் வருகிற பக்கம் தலையை வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தான். அது வாலை ஆட்டியது. போய்விட்டது.

"டேய்! என்னடா பண்றே!"

"நேர்த்திச் சேவலோட இறகுக்கு வந்தது. முனியோடது. நாம திங்கக்கூடாது."

"முனி மீனா கேட்டார்? சேவல்தானேடா கேட்டார்!"

"நீ எதுக்குடா இப்படிப் பண்ணே?"

"மீனுக்குத்தான்."

"மீனுக்கா?"

"பின்ன எதுக்கு?"

என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் மீனைத் தண்ணீரில் விட்டவன் அவன். பார்க்க வேண்டியது நான்.

தார்ப்பாயை மடிக்கும்போது அவனே ஒரு வழி சொன்னான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இதே மாதிரி வேற சேவல் ஒண்ணு தேடிக் கூட்டுல விட்டுடலாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

"முனிக்குத் தெரியும்டா" என்றேன்.

"இப்பத்தான் உனக்கு முனி ஞாபகம் வருதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஆள்மாறாட்டம் எனக்குப் பிடிக்காது. வீட்டுக்குப் போனதும், குகன் தோளிலிருந்து பையை இறக்குவதற்கு முன்னாலேயே அத்தையிடம் சொல்லிவிட்டேன். "அத்தை, கலெக்டர் கழுத்தை நான்தான் பிடுங்கினேன். ஞாயித்துக்கிழமை ஆகாது." அதுவரைக்கும் அத்தை கீரிப்பிள்ளை கவ்வியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை அழவில்லை. கலெக்டரை மடியில் வைத்து அந்த மொட்டை இடத்தைத் தடவினார்கள். "ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த வெள்ளைக் கோழியோட இறகைத் தந்திருப்பேனே?"

"கோழி ஆகாது அத்தை. சேவல் கழுத்துதான் வேணும்னு வீடியோவுல..."

குகன் என் முதுகில் கிள்ளினான்.

பூசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறையோட முனி வாங்கமாட்டார். முளைக்கட்டும்" என்று சொல்லிக் காலில் புது நூல் கட்டினார். சரி, குகன் திங்கட்கிழமை போகமாட்டான் என்று நினைத்தேன். நேர்த்தி முடியாமல் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று அத்தை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். நினைத்தேன் என்றுதான் சொன்னேன் அண்ணா, ஆசைப்பட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் பூசாரியே சொல்லிவிட்டார்: "பையன் போகட்டும்மா. முனி எங்க போகப்போறார்? முளைச்சதும் பையன் வந்து தன் கையால குடுக்கட்டும்."

சேவல் என் தலையில். "நீதானே பிடுங்கினே, நீயே முளைக்க வை" என்று அத்தை தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அமாவாசைக்கு அமாவாசை பூசாரியிடம் காட்ட வேண்டும். ஒரு இறகைத் தொடக்கூடாது. அத்தை சொன்னார்கள், பூசாரி சொன்னார், பஸ் ஜன்னலிலிருந்து குகனும் சொன்னான். "முளைச்ச அன்னைக்கே போன் பண்ணு. அதுவரைக்கும் தொடாதே." அதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள்.

ஆனியில் முக்கால்வாசி முளைத்துவிட்டது. அப்புறம் மறுபடி மொட்டை. பூசாரியிடம் பூனை என்று சொன்னேன். பூனை இல்லை, நான்தான். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? மீன் பிடிக்க வந்தவர் ஒருத்தர் ஃப்ளை கேட்டார், கொடுத்தேன். ஆடியிலும் ஒருத்தர் கேட்டார். பூசாரி வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். தடவினேன். தடவத்தான் செய்தேன். காலில் இருக்கிற புது நூலைத் தொடவில்லை, பாருங்கள். எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

குகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். எடுத்ததும் முதல் கேள்வி, "முளைச்சிடுச்சா?" இல்லை என்பேன். என்னதான்டா ஆச்சு அதுக்கு என்பான். அப்படியே ஆரம்பித்து அரை மணி நேரம் போகும். ஹாஸ்டல் சாம்பார், எவனோ ஒருத்தன் தூக்கத்தில் பாடுகிறானாம், எல்லாம் வரும். ஆடியில் லீவு கிடைத்து, கழுத்தைத் தன் கண்ணால் பார்க்கிறேன் என்று வந்தான். வந்தவனோடு ஓடைக்குப் போனோம். இரண்டு மீன், இருபத்தாறு, இருபத்தெட்டு. அவனேதான் அளந்தான். என்ன ஃப்ளை என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த முறை வெள்ளை நூல், அதனால் அளந்ததும் சட்டியில் போட்டான்.

போன வாரம் அத்தை என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. "இந்த நேர்த்தி ஒண்ணு முடிஞ்சிட்டா நானும் கீழே பொண்ணு வீட்டுக்கே போயிடுவேன்கா. குகனும் அங்கேதானே இருக்கான். அப்புறம் எங்களுக்கு இங்க என்ன இருக்கு?" லைன் வீடு என்றால் அப்படித்தான். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வேறு யாராவது வருவார்கள். அவர்களும் இருமுவார்கள். எனக்கென்ன.

பத்தாம் வளைவா இது? வெள்ளைக் கல்லில் எழுதியிருக்கும், பாருங்கள். பதினொன்றா? அதற்குள்ளா?

இன்று காலையில் போனை எடுத்தேன். அவன் பேர் வரைக்கும் போனேன். அப்புறம் அவனுக்கு வகுப்பு நேரம், எதற்குத் தொந்தரவு என்று வைத்துவிட்டேன். பூசாரி பார்த்துச் சொன்னபிறகு கூப்பிடலாமே? அவர் கண்ணுக்கு முளைத்திருக்கிறதா இல்லையா என்று அவர்தானே சொல்ல வேண்டும்?

அது இருக்கட்டும். உங்கள் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், கடை ஃப்ளையை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினால் எங்கள் ஊருக்குத்தான் அசிங்கம். வெறும் முள் இருக்கிறதல்லவா? நூல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. இறகின் வேர்ப்பக்கத்தைக் கட்டிவிட்டு, மூன்று சுற்று சுற்றுங்கள், போதும். எனக்கு இதில் ஒன்றும் இல்லை அண்ணா, உங்களுக்காகத்தான்.

இதோ, டிரைவர் கற்பூரத்தை எடுத்துவிட்டார். இந்தப் பையை ஒரு நிமிஷம் பிடியுங்கள். தலையை என் பக்கம் திருப்பிப் பிடியுங்கள், இல்லையென்றால் உங்களைக் கொத்திவிடும். இந்நேரத்துக்கு நீங்களும் தெரிந்தவராகியிருப்பீர்கள்.

கையை நீட்டுங்கள். ஒன்று. இரண்டு. சும்மா இரு கலெக்டர், மறுபடி முளைக்கும். மூன்று.

ஒரு கொத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.